அரை நாள் விருந்தாளி

மாட்டுத் தரகர் நாச்சிமுத்து நடக்கக் கற்றுக்கொள்ளப் போனது ஐம்பத்தெட்டாவது வயதில். கற்றுக்கொடுக்க வேண்டியவருக்கு வயது முப்பத்தொன்று.

அவர் பெயர் கோகிலவாணி. ஊசிக்கல் மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. கொடியில் வரிசையாகக் காலுறைகள், சுவரில் மாட்டிய பைகள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்க ஆசைப்பட்டு, எப்படித் தொடங்குவதென்று தெரியாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் அதிகம் பேச மாட்டார். வந்தவர்கள் அவரைக் குரு என்று கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

வருகிற தை மாதம் குரு பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, மலையில் ஆறு பிறக்கிற சுனையிலிருந்து அது கடலில் விழுகிற முகத்துவாரம் வரை நடக்கப் போகிறார் என்று பேச்சு. நாற்பது நாள் நடை. பதினோரு பேர் சேர்ந்தாயிற்று. மிச்சமிருந்த அந்த ஒரு இடத்துக்குத்தான் நாச்சிமுத்து வந்து நின்றார்.

அந்த ஆற்றங்கரைச் சந்தைகளில்தான் அவர் முப்பத்தெட்டு வருஷமாக மாடு கைமாற்றிவிடுகிறார். போன ஆடியில் ஒரு கிடாரிக்கு ஆற்றில் தண்ணி காட்டிக்கொண்டு நின்றபோது, இந்தத் தண்ணி நாளைக்கு எந்த ஊரில் இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவுதான். கொசு மாதிரி காதுக்குள் புகுந்துகொண்டது. கடலில் ஆறு விழுவதைப் பார்க்காமல் ஓயமாட்டேன் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். சந்தைக்கு நூறு வாய். சாமான் வண்டியிலேயே உட்கார்ந்து போகிற மனுசன் நடக்கப் போறாராம் என்று டீக்கடைக்கு டீக்கடை சிரிப்பு. இனிப் பின்வாங்க வழியில்லை.

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார். முதுகில் இருந்த பையைக் கூடுதலாக ஒரு தரம் பார்த்தார். அது ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது.

"இதுக்கு முன்னாடி வெளியூர் போயிருக்கீங்களா தரகரய்யா?"

"நாப்பது ஊருக்குப் போயிருக்கேனுங்க அம்மிணி."

"என்ன பார்த்தீங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை.

"பல்லுங்க," என்றார்.

மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். போன இடமெல்லாம் வாயைத் திறந்து பார்த்தார், விலையைப் பேசினார், வண்டி ஏறினார். அந்த ஊரில் கோயில் இருந்ததா குளம் இருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

குரு சிரிக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. பையில் என்னென்ன இருக்க வேண்டும், என்னென்ன இருக்கக் கூடாது என்று நாச்சிமுத்துவே ஆரம்பித்தார். அதற்கொரு பட்டியல் இருக்கும், எழுதிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"பையை இறக்காதீங்க," என்றார் குரு. "பொழுது சாயற வரைக்கும் முதுகிலேயே இருக்கட்டும். என்கூட வேலை பாருங்க."

அன்றைக்குக் குருவுக்கு ரேஷன் கடையில் வேலை இருந்தது. நாச்சிமுத்து பையோடு வரிசையில் நின்றார். பின்னால் நின்ற பெண்ணின் முகத்தில் பை இடித்தது. அவள் திட்டினாள். இவரும் திட்டினார். திரும்பி வந்து கிணற்றில் தண்ணி சேந்தினார். பை அவரையும் சேர்த்துக் கிணற்றுக்குள் தள்ளப் பார்த்தது. மத்தியானம் தன் கட்டுச்சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல், கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கையை ஆட்டினார். குரு தூக்கிவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பின் முதல் சாமான் வெளியே வந்தது. பிரஷர் குக்கர். அடுத்து, ஒன்று கெட்டால் ஒன்று என்று வாங்கிய மூன்று டார்ச்சில் இரண்டு. நாலு சட்டை. மாடு கட்டுகிற தாம்புக்கயிறு ஒன்று. அதை ஏன் வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் வெளியே வைக்கும்போது ஒரு வசவு. வேலியோரம் சாமான்கள் குவிந்துகொண்டே போயின. போகிற வருகிறவர்கள், கடை போட்டிருக்கிறாரோ என்று நின்று பார்த்தார்கள்.

பொழுது சாய்ந்தபோது பை மூன்றில் ஒரு பங்காகியிருந்தது. ஆனால் மூன்று சாமானை மட்டும் அவர் விடவில்லை. அஞ்சு கிலோ அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சங்கிலியும் பூட்டும்.

"அதெல்லாம் எதுக்கு?" என்று குரு கேட்டார்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருக்குக் கோபம் அப்படித்தான் வரும், பால் பொங்குகிற மாதிரி, கிட்டே இருந்தால்கூடத் தடுக்க முடியாது. பத்தொன்பது வயதில் அவர் முதன்முதலாகச் சொந்தக் காசில் ஒரு பசு வாங்கிய கதையைக் கொட்டினார். தெரியாத ஊர், தெரியாத ஆள். மடி பெருத்துத் தொங்கிற்று. வீட்டுக்கு ஓட்டி வந்து கறந்தால் முதல் வேளை செம்பு நிறைந்தது, மறுவேளை அரைச் செம்பு, அதற்கு அடுத்த நாள் சொட்டு இல்லை. இரண்டு நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊரிலும் யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிக்கிறதில்லை என்று வைத்துக்கொண்டார். சோறு தன் சோறு, அடுப்பு தன் அடுப்பு.

சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். அப்புறம், எதற்காக இந்தக் குருவைத் தேடி வந்தாரோ அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தெரியாத ஊர்ல ஏமாறாம இருக்கறது எப்படிங்க அம்மிணி?"

குரு கொடியிலிருந்து காலுறைகளை எடுத்து மடித்தார். இரண்டு ஜோடி. ஒன்று காலுக்கு, ஒன்று காய.

"நாளைக்கு மலை ஏறுவோம். மூணு நாள். மூணாம் நாள் பொழுது சாயறதுக்கு முன்னாடி இறங்கிட்டீங்கன்னா பன்னெண்டாவது இடம் வேற ஆளுக்கு."

"இறங்க மாட்டேனுங்க."

"சரி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே."

"வெள்ளென அஞ்சு மணிக்குக் கிளம்பணும்," என்றார் குரு.

விடியும்போது இரண்டு பேரும் மலைச் சரிவில் இருந்தார்கள். கீழே ஆறு ஒரு வெள்ளிக் கயிறு மாதிரி கிடந்தது. நாச்சிமுத்துவுக்கு அது புதுசாக இருந்தது. இத்தனை வருஷம் அதை ஓரத்திலிருந்தே பார்த்தவர். நின்று ஒரு தடவை பார்த்தார், நடந்து திரும்பி இன்னொரு தடவை பார்த்தார். ஒரு பறவை என்னவோ கேள்வி கேட்கிற மாதிரி கத்தியது. அது என்ன பறவை என்று விசாரித்தார். தெரியாது என்றார் குரு. குருவுக்கே தெரியாத ஒன்று இருக்கிறதென்பதில் தரகருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஏழாவது வளைவில் கால் கடித்தது. புது ஷூ. அதைப் பத்து நாள் சந்தையில் போட்டு நடந்துவிட்டு வரும்படி குரு முன்பே போனில் சொல்லியிருந்தார். சாணியில் புது ஷூவைப் போட மனசு வராமல் நாச்சிமுத்து பெட்டியிலேயே வைத்திருந்தார். இப்போது ஒரு பாறையில் உட்கார்ந்து கழற்றினால் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம்.

"நல்லா விலை பேசி வாங்கினீங்களா?" என்று குரு கேட்டார்.

"பாதிக்குப் பாதிங்க. கடைக்காரன் அழுதுட்டான்."

"காலோட பேசுனீங்களா?"

நாச்சிமுத்து தன் காலைப் பார்த்தார். குரு எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டு, காய்ந்த காலுறை ஒரு ஜோடியைக் கொடுத்தார். அதற்குப்பின் தரகர் வாய் கொஞ்சம் அடங்கித்தான் நடந்தது. ஆனால் அது ரொம்ப நேரம் இல்லை. நெல்லிக்காய் கிடைத்தது, தின்றார். ஓடையில் கால் வைத்தார், ஐயோ ஐயோ என்று கத்திச் சிரித்தார். தாகம் எடுக்கும் முன்பே ரெண்டு வாய் குடித்துக்கொண்டு வரும்படி குரு சொன்னது ஏன் என்று அடுத்த ஏற்றத்தில் விளங்கியது. விலைக்கு வாங்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மனுஷனுக்கு இத்தனை கண்ணும் காதும் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மத்தியானம் ரெண்டு மணி போலக் காரைப்பாடி வந்தது. மலை மேல் இருபது வீடு. சுற்றிலும் ராகிக் கொல்லை. எல்லையில் இடுப்புயரக் கல் ஒன்று. ஜனங்கள் மாடு வளர்ப்பவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு கீழ்ச் சந்தைக்கு இறங்குவார்கள். ஊர்ப் பெரிய வீட்டுக்காரி பொம்மக்கா, நெடுநெடுவென்று வளர்ந்த பெண்பிள்ளை. சாணி மெழுகிய களத்தில் நின்று வந்தவர்களைப் பார்த்தாள். குருவைப் பார்த்துத் தலையசைத்தாள். தரகரிடம், "என்ன வேணும்?" என்றாள்.

அங்கே வருகிற யாரையும் முதலில் அப்படித்தான் கேட்பார்கள்.

"ஒண்ணும் வேண்டாமுங்க," என்றார் நாச்சிமுத்து. "அரிசி, அடுப்பு எல்லாம் கொண்டாந்திருக்கேன். தங்க ஒரு மூலை இருந்தாப் போதும்."

பொம்மக்காவின் புருவம் மேலே போனது. அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு, அந்தக் கையை அவர் முன்னால் நீட்டினாள்.

நாச்சிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, உள்ளங்கையோடு பிடித்தால் ஐந்து, விரலின் நடுக் கணுவைத் தொட்டால் அரை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷமாக அந்தத் துண்டுக்கு அடியில்தான் அவர் வாழ்ந்தார். யோசனை வருவதற்கு முன்னால் கை போய்விட்டது.

பால் கறக்கிற கை அது, கட்டைவிரல் காய்ப்பேறியிருந்தது. உள்ளங்கையைப் பிடித்தாள், மேலே இரண்டு விரல். ஏழு. நாச்சிமுத்து சூடு பட்ட மாதிரி கையை உதறினார். ஒற்றை விரலைப் பிடித்தார்.

களத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. கொல்லையில் நின்றவர்கள் கருக்கரிவாளோடு வந்து நின்றார்கள். பொம்மக்கா ஆறு என்றாள். இவர் முகத்தைச் சுளித்து மூன்று அடி தள்ளிப் போய், வேறு வேலை இருக்கிற மாதிரி வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார். ஐந்து. பெருமூச்சு விட்டார். நாலு. கொப்புளம் மறந்துவிட்டது, பசி மறந்துவிட்டது. மூன்றுக்கு அவள் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினாள், அவர் கண்ணைப் பார்த்தாள். நல்ல வியாபாரி அந்த இடத்தில் விட்டுவிடுவான் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் எதிராளி நிறுத்துகிற இடத்தில் இன்னும் ஒரு அடி தள்ளுவதுதான் அவருடைய தொழில். இரண்டு. ஒன்று. கடைசியில் அவர் அவளுடைய ஆள்காட்டி விரலின் நடுக் கணுவை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பொம்மக்கா துண்டை உருவினாள். முடிந்தது என்று அர்த்தம்.

ஒருத்தரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். நாச்சிமுத்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏழு என்றதை அரைக்குக் கொண்டுவந்த பெருமை முகத்தில் வழிய, குருவிடம் திரும்பினார்.

"பார்த்தீங்களா அம்மிணி? அது சரி, நான் என்ன வாங்கியிருக்கேன்?"

"அரை நாள்," என்றார் குரு.

இந்த ஊருக்கு வருகிற விருந்தாளி எத்தனை நாள் தங்குவது என்பதைத் துண்டு போட்டுத்தான் முடிவு பண்ணுவார்கள் என்று குரு நிதானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் ஏழில் ஆரம்பிப்பார். விருந்தாளி மரியாதைக்கு ஒன்றிரண்டு குறைப்பார். அப்புறம் தலையாட்டிவிடுவார். இதுவரைக்கும் இரண்டுக்குக் கீழே யாரும் போனதாகக் கேள்வியில்லை. துண்டுக்கு அடியில் முடிந்த பேச்சு முடிந்ததுதான். அரை நாள் என்றால் பொழுது சாயும்போது ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

"வேற எங்கயாச்சும் படுத்துக்கலாமுங்க."

"இதை விட்டா ஆனைக்காடு. ஃபாரஸ்ட்காரங்க படுக்க விட மாட்டாங்க. கீழேதான் இறங்கணும்."

கீழே. இன்றைக்கே. மூன்றாம் நாள் அல்ல, முதல் நாளே. தரகருக்குத் தை மாதமும் கடலும் கண்முன்னால் வந்து போயின. சந்தை டீக்கடைகளும் வந்தன. அப்புறம் பால் பொங்கியது. இதையெல்லாம் முன்னாடியே ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா, குரு என்றால் இப்படித்தான் வேடிக்கை பார்ப்பதா என்று களத்தில் நின்று கத்தினார். தானியம் பொறுக்க வந்த கோழிகள் சிதறி ஓடின.

குரு அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"என்ன சரக்குன்னு நீங்க கேக்கலையே."

"துண்டு போட்டாப் பேரம். பேரம்னா குறைக்கணும். இதுல கேக்க என்னுங்க இருக்குது?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

பொம்மக்காவிடம் போய் வார்த்தையை மாற்றச் சொல்லலாம் என்றால் அது அவரால் முடியாத காரியம். துண்டுப் பேச்சை மாற்றினவனோடு அவரே அடுத்த சந்தையில் பேசுவதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்குப் போய் அதன்மேல் உட்கார்ந்தார். பொழுது மேற்கே ஒரு முழம் இருந்தது. உள்ளே ஏதோ ஒரு வீட்டில் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. குரு கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் சாய்ந்து, காலுறையைக் கழற்றிக் காயவைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு பழைய சந்தைச் சட்டம் ஞாபகம் வந்தது. ஒரு மாட்டுக்குப் பேச்சு கெட்டுப்போனால், அன்றைக்கு அதை அங்கேயே மறுபடி பேச முடியாது. ஆனால் மாட்டைச் சந்தை வாசலுக்கு வெளியே ஓட்டிப்போய், புதுசாக நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே கொண்டுவந்துவிட்டால், அது வேறு மாடு. பழைய பேச்சு அதற்கு ஒட்டாது. எத்தனையோ தடவை அவர் செய்த வேலைதான்.

கல்லிலிருந்து இறங்கினார். எல்லைக்கு வெளியே பத்து அடி போனார். நின்றார். திரும்பினார்.

"எங்கே போறீங்க?" என்றார் குரு.

"உள்ளே போறேனுங்க. வாசலைத் தாண்டியாச்சு. இப்ப நான் புது மாடு."

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

களத்தில் பொம்மக்கா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நொண்டிக்கொண்டு வந்து நின்றவரை முன்னே பின்னே பார்த்தறியாதவள் மாதிரி அண்ணாந்து பார்த்து, "என்ன வேணும்?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அரிசி முதுகில் இருந்தது. அடுப்பு முதுகில் இருந்தது. ஒன்றும் வேண்டாதவனைத் தங்க வைக்க யாருக்கு என்ன தலையெழுத்து என்று அவருக்கு அப்போது தோன்றியது. கேட்டுப் பழக்கமில்லாத வாய், முதல் தடவை சத்தமே வரவில்லை.

"சோறு வேணுமுங்க," என்றார். "பசிக்குதுங்க."

பொம்மக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். துண்டைப் போட்டுக் கையை நீட்டினாள். ஊர் மறுபடி களத்துக்கு ஓடி வந்தது. இந்தத் தடவை நாச்சிமுத்து கையை உடனே கொடுக்கவில்லை.

"எதுக்குப் பேசறமுங்க?"

"நாளுக்கு."

தலையாட்டினார். கையைத் துண்டுக்குள் விட்டார். அவள் ஒற்றை விரலைப் பிடித்தாள். ஒரு நாள்.

இப்போதுதான் அவருக்கு வேர்த்தது. ஏற்றிப் பேசிப் பழக்கமே இல்லை. பிறந்ததிலிருந்து அவர் ஒரு பேச்சையும் ஏற்றியதில்லை. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு கேட்டால் கேவலம், ஒன்றும் தெரியவில்லை. உச்சுக்கொட்டிய கிழவர் பின்னாலிருந்து, "பிடி, பெருசாப் பிடி," என்றார். நாச்சிமுத்து அவள் உள்ளங்கையை ரெண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துவிட்டார். பத்து.

பொம்மக்கா கையை உதறிக்கொண்டு மூன்று அடி தள்ளிப் போனாள். இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். அவர் அப்போது நின்ற அதே நிலை, கழுத்துச் சாய்வு உட்பட. களம் சிரிப்பில் புரண்டது. ஒரு பெண் சிரித்துச் சிரித்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள். நாச்சிமுத்துவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தார், அவருக்கும் சிரிப்புதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது பேரமே இல்லை, கூத்து. அவர் ஏற்றுவார், அவள் இறக்குவாள். தன் வீட்டுச் சோற்றை ஒரு ஆள் பத்து நாள் தின்றால் மாடு என்ன தின்னும் என்று முனகினாள். தான் மாட்டை விடக் குறைவாகத்தான் தின்பேன் என்று அவர் சத்தியம் பண்ணினார். கூட்டம் ரெண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டது. கடைசியில் அவள் மூன்று விரலைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு நூல் ஏற மாட்டேன் என்று மலை மாதிரி நின்றாள். நாச்சிமுத்து தோற்றார். துண்டு உருவப்பட்டது. களம் கை தட்டியது.

வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டார்கள். ராகிக் களி, மொச்சைக் குழம்பு, மலைத் தக்காளித் துவையல். நாச்சிமுத்து, தெரியாத ஊரில், தெரியாத கையால், முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் சாப்பிட்டார். முதல் உருண்டையை மட்டும் கொஞ்சம் பார்த்துவிட்டு விழுங்கினார். மற்றதைப் பார்க்கவில்லை.

அரிவாளைக் கீழே போட்ட பெண் குழம்பு ஊற்ற வந்தாள். இன்றைக்குப் பொம்மக்கா வீடு என்றும், நாளைக் காலை கடைசி வீடு என்றும், நாளை மறுநாள் மத்தியானம் தன் வீட்டு முறை என்றும், அவருக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்றும் அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஊற்றினாள். ஒன்பது வேளைக்கும் வீடு பிரித்தாயிற்றாம்.

களி தரகர் தொண்டையில் நின்றது.

"எப்பத் தாயி பிரிச்சீங்க?"

"முந்தாநாளே. நம்ம கோகிலவாணி பால் வண்டியில சொல்லியனுப்புச்சே, ரெண்டு பேரு மூணு நாளுன்னு. மொச்சை நேத்தே ஊறப் போட்டாச்சு."

அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்து மெல்லத் திரும்பிப் பக்கத்து இலையைப் பார்த்தார். குரு ரொம்பக் கவனமாகத் துவையல் தொட்டுக்கொண்டிருந்தார். எதிரே பொம்மக்கா தூணில் சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாளே மூணு நாளுன்னு முடிஞ்சுதுங்களா?"

"ஆமா."

"அப்பறம் எதுக்குங்க அந்த ஏழு, அந்த அரை, அந்த ஓட்டம்?"

"பொம்மக்கா மூணுல நிறுத்தித்தான் பார்த்துச்சு. நீங்க விடலை."

உண்மைதான். அந்தக் கண்ணை அவர் பார்த்தார், பார்த்தும் தள்ளினார். கொஞ்ச நேரம் களியை உருட்டினார்.

"நான் திரும்பி வராம அப்படியே இறங்கிப் போயிருந்தா?"

"மொச்சை வீணாப் போயிருக்கும்," என்றார் குரு.

"எனக்கு இடம்?"

"அதுவும் போயிருக்கும்."

நாச்சிமுத்து இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோபத்தைத் தேடினார். கைக்கு எட்டுகிற தூரத்தில் எங்கும் காணோம். குழம்பு சூடாக இருந்தது. வாசலில் யாரோ அவர் வானத்தைப் பார்த்து நின்ற மாதிரி நின்று காட்ட, இன்னொரு தடவை சிரிப்பு எழுந்தது.

"அப்ப ஊரே சேந்து என்னை நல்லா ஏமாத்தியிருக்கீங்க," என்றார்.

"நல்லாவே," என்றார் குரு. தரகர் இலைக்கு இன்னொரு களி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "கடல் வரைக்கும் வழியில இருபத்தேழு ஊர் இருக்குதுங்க தரகரய்யா. ஒவ்வொரு ஊர்லயும் இப்படித்தான் ஏமாத்துவாங்க. தை ஒண்ணாந்தேதி கிளம்பறோம். வர்றீங்களா?"